காணாமல் போகும் புள்ளி

கோடு போட்ட நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக்கொள்ளுங்கள். நடுவில் ஏதாவது ஒரு கோட்டின் மேல், இடப்பக்கமாக ஒரு பெருக்கல் குறி போடுங்கள். அதே கோட்டில் 8 சென்டிமீட்டர் வலப்பக்கம் தள்ளி ஒரு புள்ளி வையுங்கள். பேனா முனைப் புள்ளி போதாது. சட்டைப் பொத்தான் அளவுக்கு வட்டம் போட்டு, உள்ளே கறுப்பு ஸ்கெட்ச்சால் நிரப்புங்கள்.

இடது கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, வலது கண்ணால் பெருக்கல் குறியை மட்டும் பாருங்கள். தாளைக் கை நீட்டிப் பிடித்து, மெதுவாக முகத்தருகே கொண்டுவாருங்கள். கிட்டத்தட்ட 30 சென்டிமீட்டர், அதாவது உங்கள் ஸ்கேல் நீளத்துக்கு வரும்போது புள்ளி காணாமல் போகும். இன்னும் கிட்டே கொண்டுவந்தால் திரும்பவும் தெரியும். 'எனக்குப் போகவே இல்லையே' என்கிறவர்கள் நடுவில் புள்ளியைத் திருட்டுத்தனமாகப் பார்த்திருப்பீர்கள். மறுபடி செய்யுங்கள்.

போயிற்றா? இப்போதுதான் முக்கியமான கேள்வி. புள்ளி இருந்த இடத்தில் என்ன தெரிந்தது? ஓட்டையா, இருட்டா? இரண்டும் இல்லை. வெள்ளைத் தாளும் நோட்டுக் கோடும்தான் தெரிந்திருக்கும். அதுவும் எங்கேயும் அறுபடாத கோடு! அங்கே ஒரு கறுப்பு வட்டம் இருக்கிறது, வரைந்ததே நீங்கள்தான். ஆனாலும் உங்கள் கண், 'இங்கே ஒன்றுமில்லை, வெறும் தாள்தான்' என்று கூசாமல் சொல்லிவிட்டது.

இதை 1660-களில் கண்டுபிடித்தவர் எட்மே மாரியோட் என்ற பிரெஞ்சு அறிவியலாளர். இங்கிலாந்து அரசர் இரண்டாம் சார்லஸ் இந்த வித்தையைக் கற்றுக்கொண்டு, எதிரே நிற்கிறவர்களின் தலையை மட்டும் மறையவைத்து விளையாடினார் என்று ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, கணக்கு சரியாகத்தான் வருகிறது. இரண்டு, மூன்று மீட்டர் தள்ளி நிற்கும் ஒரு மனிதரின் தலை அந்த மறைவிடத்துக்குள் அடங்கிவிடும்.

கண்ணின் பின்சுவரில் விழித்திரை இருக்கிறது. ஒளியை உணரும் செல்கள் அங்கேதான் இருக்கின்றன. அங்கிருந்து 10 லட்சத்துக்கும் அதிகமான நரம்பிழைகள் கிளம்பி, ஒரே இடத்தில் கூடி, பார்வை நரம்பாக மூளைக்குப் போகின்றன. அவை கண்ணை விட்டு வெளியேறும் வாசலில் ஒளியை உணரும் செல்களுக்கு இடமில்லை. அதனால் அங்கே விழும் படம் தெரியாது. அதற்குக் குருட்டுப் புள்ளி என்று பெயர். உங்களுக்கு, எனக்கு, உங்கள் வகுப்பில் முதல் ரேங்க் எடுப்பவருக்கு, எல்லோருக்கும் கண்ணுக்கு ஒன்று உண்டு. பிறந்ததிலிருந்து இருந்தும் நாம் அதைக் கவனிக்காததற்குக் காரணம், ஒரு கண் விட்டதை மறு கண் பார்த்துவிடுகிறது. ஒரு கண்ணை மூடினாலும், அக்கம்பக்கத்தைப் பார்த்து மூளை அந்த இடத்தை நிரப்பிவிடுகிறது.

மூளையின் இந்தச் சாமர்த்தியம் நல்லதுதான். ஆனால் கண்ணில் ஒரு நோய் வந்து பார்வையை ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னத் தொடங்கினால், மூளை அதையும் இப்படியே மூடி மறைத்துவிடும்.

அப்படி ஒரு நோய் உண்டு. டாக்டர்கள் கிளாக்கோமா என்பார்கள், தமிழில் கண் நீர் அழுத்த நோய். கண்ணுக்குள், லென்சுக்கும் கருவிழிக்கும் நடுவே தெளிவான ஒரு நீர் ஓடிக்கொண்டே இருக்கிறது. அழும்போது வருகிறதே, அந்தக் கண்ணீர் அல்ல இது. இது உள்ளேயே சுரந்து, உள்ளேயே ஓடி, கருவிழியின் விளிம்பில் இருக்கும் சல்லடை போன்ற திசு வழியாக வடிந்து ரத்தத்தில் கலந்துவிடும். சுரப்பது நிமிடத்துக்கு 2 முதல் 3 மைக்ரோலிட்டர்தான். மருந்துப் புட்டியிலிருந்து விழும் ஒரு சொட்டு அளவு சேர்வதற்கே 20 நிமிடம் ஆகிவிடும். சுரப்பதும் வடிவதும் சமமாக இருந்தால், கண்ணுக்குள் அழுத்தம் பெரும்பாலானவர்களுக்கு 10-லிருந்து 21 மில்லிமீட்டர் பாதரச அளவுக்குள் நிற்கும். வடியும் வழி அடைபட்டால் அழுத்தம் ஏறும். ஏறிய அழுத்தம் கண்ணின் பின்னால் அந்த நரம்பு வெளியேறும் வாசலை நெருக்கும். இழைகள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகும்.

இந்த நோயில் ஒரு வகை திடீரென்று வந்து, கண் சிவந்து, தலை வெடிப்பதுபோல் வலித்து, ஆளை ஆஸ்பத்திரிக்கு ஓடவைத்துவிடும். அதுகூடப் பரவாயில்லை என்று தோன்றும், ஏனென்றால் அடிக்கடி காணப்படும் இன்னொரு வகையில் வலியே கிடையாது. சிவப்பு கிடையாது, நீர் வடியாது. வருஷக்கணக்கில் பக்கப்பார்வை சுருங்கும். நேர்ப்பார்வை கடைசிவரை நன்றாகவே இருக்கும். பாட்டி பேப்பர் படிப்பார், ஊசியில் நூல் கோர்ப்பார், தூரத்தில் வரும் பஸ்ஸின் எண்ணைக்கூடச் சொல்வார். வாசல் நிலையில் தோள் இடிக்கும், பக்கத்தில் வந்த சைக்கிள் தெரியாமல் திடுக்கிடுவார். 'வயசாச்சில்ல' என்று வீட்டில் சொல்லிவிடுவோம்.

கண்புரையும் வயதானவர்களுக்குத்தான் அதிகம் வருகிறது. ஆனால் அதில் மங்கிப்போவது லென்ஸ். அதை எடுத்துவிட்டுச் செயற்கை லென்ஸ் வைத்தால் பார்வை திரும்பிவிடும். செத்துப்போன பார்வை நரம்பு முளைக்காது. தினமும் சொட்டு மருந்து போட்டோ, லேசர் வைத்தோ, அறுவைச் சிகிச்சை செய்தோ, மிச்சமிருப்பதைக் காப்பாற்றத்தான் முடியும். அதனால்தான், 'புரை முத்தட்டும், அப்புறம் பாத்துக்கலாம்' என்று சில பெரியவர்கள் தள்ளிப்போடும்போது எனக்குக் கவலையாக இருக்கும். மங்கலுக்குக் காரணம் புரைதான் என்று யார் பார்த்துச் சொன்னது?

'பார்வை நன்றாகத்தான் இருக்கிறது, சுவரில் மாட்டிய எழுத்தெல்லாம் கடைசி வரி வரை படித்தாரே' என்று கேட்பீர்கள். அந்த எழுத்து அட்டையைத் தயாரித்தவர் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரக் கண் மருத்துவர் ஹெர்மன் ஸ்னெல்லன், ஆண்டு 1862. அதில் 6/6 என்ற வரியின் எழுத்து 9 மில்லிமீட்டரை எட்டாது. அதை 6 மீட்டர் தூரத்திலிருந்து, ஏறக்குறைய இருபது அடி தள்ளி நின்று, படிக்க வேண்டும். மேலே தனியாக இருக்கும் பெரிய எழுத்து அதைப்போல் பத்து மடங்கு. அருமையான கருவிதான். ஆனால் அது சோதிப்பது நாம் நேராகப் பார்க்கும் சின்ன நடுப்பகுதியை மட்டும். ஓரம் முழுக்கப் போயிருந்தாலும் 6/6 வாங்கலாம். ஆகவே அட்டையைப் படிக்கச் சொல்லி, கண்ணாடிக்கு நம்பர் எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டால் அதைக் கண்ணாடிக்கான சோதனை என்று சொல்லலாம். கண் பரிசோதனை முடிந்தது என்று சொல்ல முடியாது.

அதற்காக அட்டையைக் குறைத்துப் பேசவில்லை. உங்கள் வயதில் அது ரொம்பப் பெரிய வேலை செய்கிறது. தமிழ்நாட்டில் 'கண்ணொளி காப்போம்' என்ற திட்டத்தில் பள்ளிகளிலேயே மாணவர்களின் கண்களைச் சோதித்து, தேவைப்படுகிறவர்களுக்கு இலவசமாகக் கண்ணாடி கொடுக்கிறார்கள். உங்கள் பள்ளியிலும் வரிசையில் நின்றிருப்பீர்கள். வரிசையில் நிற்கும்போதே எழுத்துகளை மனப்பாடம் செய்கிறவர்கள், பின்னாலிருந்து 'ஈ, ஈ' என்று கிசுகிசுக்கிற நண்பர்கள், மூடிய கண்ணின் விரலிடுக்கு வழியாகப் பார்க்கிறவர்கள், எல்லோரும் எல்லாப் பள்ளியிலும் உண்டு. விரலால் மூடாதே, உள்ளங்கையால் மூடு என்று சோதிக்கிறவர் அதட்டுவது அதனால்தான்.

ஏமாற்றினால் நஷ்டம் யாருக்கு என்று சொல்கிறேன். சில குழந்தைகளுக்கு ஒரு கண் நன்றாகத் தெரியும், மற்றதில் பவர் நிறைய இருக்கும். அல்லது ஒரு கண் மாறுகண்ணாக இருக்கும். இரண்டு கண்ணும் இரண்டு விதமான படம் அனுப்பினால் மூளை என்ன செய்யும்? தெளிவான படத்தை வைத்துக்கொண்டு மங்கலானதை ஒதுக்கிவிடும். நாளாக ஆக, ஒதுக்கப்பட்ட கண்ணோடு மூளை பழகுவதையே விட்டுவிடும். இதைத்தான் சோம்பேறிக் கண் என்கிறார்கள். பாவம், சோம்பல் அந்தக் கண்ணுடையது இல்லவே இல்லை, பேர் மட்டும் அதற்கு! அந்தக் குழந்தைக்கு எந்தச் சிரமமும் தெரியாது. ஓடும், படிக்கும், கேரம் ஆடும். ஒரு கண்ணை மூடினால்தான் குட்டு வெளிப்படும்.

டேவிட் ஹியூபல், டார்ஸ்டன் வீசல் என்ற இரண்டு அறிவியலாளர்கள் அமெரிக்காவில் 1960-களில் பூனைக்குட்டிகளை வைத்து இதை ஆராய்ந்தார்கள். பிறந்த சில வாரங்களிலேயே ஒரு கண்ணை மூடிவைத்து, பிறகு திறந்தார்கள். கண்ணில் ஒரு குறையும் இல்லை, ஆனால் மூளையின் பார்வைப் பகுதியிலிருந்த செல்கள் அந்தக் கண்ணுக்குப் பதில் சொல்வதை நிறுத்தியிருந்தன. வளர்ந்த பூனைக்கு அதேபோல் கண்ணை மூடித் திறந்தபோது அப்படி எதுவும் ஆகவில்லை. பார்க்கக் கற்றுக்கொள்ள மூளைக்கு ஒரு பருவம் இருக்கிறது என்று இதிலிருந்து தெரிந்தது. மூளை பார்வையை எப்படிக் கையாள்கிறது என்று கண்டறிந்த வேலைக்காக 1981-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. மனிதக் குழந்தைக்கும் இதே கதைதான். ஏழெட்டு வயதுக்குள் கண்டுபிடித்தால், சரியான கண்ணாடி போட்டு, நன்றாகத் தெரியும் கண்ணைத் தினமும் சில மணி நேரம் ஒட்டுப்பட்டையால் மூடி, ஒதுக்கப்பட்ட கண்ணுக்கு வேலை கொடுத்தால் பெரும்பாலும் தேறிவிடும். அதற்குப் பிறகு போகப்போகக் கடினம். வகுப்பில் யாராவது ஒரு கண்ணில் பட்டை ஒட்டிக்கொண்டு வந்தால் கடற்கொள்ளைக்காரன் என்று கிண்டல் செய்யாதீர்கள். அந்தக் கண் டியூஷனுக்குப் போய்க்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

சரி, கண்ணும் சொல்லாது, மூளையும் மறைக்கும், அட்டையும் பாதிதான் சொல்லும் என்றால், என்ன வழி? உள்ளே எட்டிப் பார்ப்பதுதான் வழி. 1850 வரை உயிருள்ள மனிதரின் கண்ணுக்குள் பார்க்க டாக்டர்களுக்கு வழி தெரியவில்லை என்றால் நம்புவீர்களா? கண் நடுவிலிருக்கும் கண்பாவை கறுப்பாகத்தான் தெரியும். உண்மையில் அது ஒரு துவாரம். வெயில் நேரத்தில் தெருவில் நின்று எதிர்வீட்டு ஜன்னலைப் பாருங்கள், உள்ளே எல்லாம் கறுப்பாகத்தான் தெரியும். அதேபோல்தான். உள்ளே வெளிச்சம் அடித்தால் தெரியுமே என்றால், கண்ணுக்குள் போன ஒளி, போன வழியிலேயே விளக்குக்குத் திரும்பி வருகிறது. அதைப் பார்க்க விளக்கு இருக்கும் இடத்தில் நம் கண்ணை வைக்க வேண்டும். வைத்தால் நம் தலை வெளிச்சத்தை மறைத்துவிடும்!

கணினியின் தாத்தா என்று பெயரெடுத்த சார்லஸ் பாபேஜ் 1847-இலேயே இதற்கு ஒரு கருவி செய்து, ஒரு கண் மருத்துவரிடம் காட்டினார். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நல்ல வாய்ப்பு கைநழுவியது. மூன்று வருஷம் கழித்து, அன்று பிரஷ்யாவில் இருந்த கோனிக்ஸ்பெர்க் நகரில் ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற பேராசிரியர் தன் மாணவர்களுக்குப் பாடம் நடத்தத் தயாராகும்போது இந்தச் சிக்கலில் மாட்டினார். கண்ணாடித் தகட்டைச் சாய்வாக வைத்தால், பக்கத்து விளக்கின் ஒளியை அது கண்ணுக்குள் திருப்பிவிடும். உள்ளிருந்து திரும்பும் ஒளியில் ஒரு பகுதி அதே தகட்டை ஊடுருவி நம் கண்ணுக்கு வரும். அட்டை, மூக்குக்கண்ணாடி லென்ஸ், மெல்லிய கண்ணாடித் தகடு, இவற்றை ஒட்டி ஒரு கருவி செய்தார். உயிருள்ள விழித்திரையைத் தெளிவாகப் பார்த்தார். பள்ளியில் படித்த ஒளியியலே இதற்குப் போதுமாக இருந்தது என்று அப்பாவுக்குக் கடிதம் எழுதினார். 1851-இல் அதை வெளியிட்டார். அந்தக் கருவியின் பேரப்பிள்ளைகள்தான் இன்று டாக்டர்கள் கையிலிருக்கும் ஆஃப்தால்மாஸ்கோப்.

அதன் வழியாக என்ன தெரியும்? ஆரஞ்சுச் சிவப்பில் ஒரு தரை, அதன் மேல் கிளை பிரியும் ரத்தக் குழாய்கள், ஒரு பக்கமாக வெளிர் மஞ்சளில் ஒரு வட்டத் தட்டு. அந்தத் தட்டுதான் நரம்பு வெளியேறும் வாசல், தாளில் புள்ளியை விழுங்கியதே, அதே இடம். தட்டின் நடுவே ஒரு சிறு பள்ளம் இருக்கும். நரம்பிழைகள் சாகச் சாக அந்தப் பள்ளம் அகலமாகும். போன வருஷம் எவ்வளவு, இந்த வருஷம் எவ்வளவு என்று டாக்டர் ஒப்பிட்டுப் பார்ப்பார். ஒரு தடவை பார்த்துவிட்டு மறந்துவிடாமல், திரும்பத் திரும்பப் போக வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம். கண்ணுக்குள் அழுத்தம் சாதாரணமாக இருந்தும் நரம்பு கெடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் காட்டிக்கொடுப்பதும் இந்தப் பள்ளம்தான்.

உடம்பில் கத்தி வைக்காமல் ரத்தக் குழாய்களை நேரடியாகப் பார்க்க முடிகிற இடம் விழித்திரை. அதனால் கண்ணைப் பார்க்கிறவருக்கு உடம்பின் வேறு கதைகளும் தெரிந்துவிடும். உயர் ரத்த அழுத்தம் அங்கே அடையாளம் விடும். சர்க்கரை நோய் இன்னும் தெளிவாகவே விடும். நுண்குழாய்களின் சுவர் பலவீனமாகி, சிவப்புப் பொட்டுகளாகப் புடைக்கும், ரத்தம் கசியும். இதிலும் தொடக்கத்தில் பார்வைக்கு ஒரு குறையும் இருக்காது. வீட்டில் யாருக்காவது சுகர் இருந்தால், கண் நன்றாகத் தெரிந்தாலும் வருஷத்துக்கு ஒரு முறை விழித்திரையைக் காட்ட வேண்டும்.

சர்க்கரை நோயாளிகள் கோடிக்கணக்கில், விழித்திரை டாக்டர்கள் மிகக் குறைவு. இதற்கு ஒரு வழி கணினியிடமிருந்து வந்தது. 1,28,000-க்கும் மேற்பட்ட விழித்திரைப் படங்களை 54 மருத்துவர்கள் பார்த்துத் தரம் பிரித்துக் கொடுக்க, அவற்றிலிருந்து கூகுள் ஆராய்ச்சியாளர்கள் ஒரு நிரலுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். 2016-இல் முடிவுகள் வெளிவந்தன. நோயைக் கண்டுபிடிப்பதில் அது கண் மருத்துவர்களுக்கு இணையாக நின்றது. அந்தப் படங்களில் ஒரு பகுதி நம்மூர் அரவிந்த் கண் மருத்துவமனையிலும் சங்கர நேத்ராலயாவிலும் எடுத்தவை. அரவிந்த் மருத்துவமனையை டாக்டர் ஜி. வெங்கடசாமி அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கினார். முடக்குவாதத்தில் அவருடைய கைவிரல்கள் கோணிப்போயிருந்தன. அந்த விரல்களாலேயே கண் அறுவைச் சிகிச்சை செய்யப் பழகியவர் அவர்.

அழுத்தத்தை அளப்பது தனி வேடிக்கை. ஒரு கருவி கண்ணில் 'புஸ்' என்று காற்றை ஊதும். எல்லோரும் தூக்கிவாரிப் போட்டுக்கொள்வார்கள், வலிக்காது. இன்னும் துல்லியமாக அளக்க, சுவிட்சர்லாந்தின் ஹான்ஸ் கோல்ட்மன் 1950-களில் உருவாக்கிய முறை உண்டு. மரத்துப்போகும் சொட்டும் மஞ்சள் சாயமும் போட்டு, நீல வெளிச்சத்தில் ஒரு சிறு முனையால் கருவிழியை லேசாக அழுத்துவார்கள். 3.06 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டம் தட்டையாக எவ்வளவு விசை வேண்டும் என்று பார்ப்பார்கள். அது என்ன 3.06? கருவிழி வளையாமல் விறைத்து எதிர்ப்பதும், கண்ணீர்ப் படலம் முனையை உள்ளே இழுப்பதும் அந்த அளவில் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். மிஞ்சுவது கண்ணின் அழுத்தம் மட்டும்தான். இன்னொரு வசதியும் இருக்கிறது. அந்த அளவில் கிராமில் வரும் விசையைப் பத்தால் பெருக்கினால் பாதரச மில்லிமீட்டரில் விடை வந்துவிடும். கணக்குப் பிடிக்காதவர்கள்கூட இதை ரசிக்கலாம்.

யார் எப்போது காட்ட வேண்டும்? குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு விழித்திரை வளர்ச்சி முழுதாக முடிந்திருக்காது. பிறந்து 30 நாளுக்குள் பார்த்துவிட வேண்டும். பள்ளியில் சேர்வதற்கு முன் ஒரு தடவை, பிறகு டாக்டர் சொல்கிறபடி. நாற்பது வயது தாண்டிய அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி எல்லோரும் முழுப் பரிசோதனைக்குப் போக வேண்டும். கண் நீர் அழுத்த நோய் குடும்பத்தில் யாருக்காவது இருந்தால் அவருடைய அண்ணன், தம்பி, அக்கா, தங்கை, பிள்ளைகள் எல்லோரும் சீக்கிரமே போக வேண்டும். ஃபிளாஷ் போட்டு எடுத்த போட்டோவில் தம்பிப் பாப்பாவின் ஒரு கண் சிவப்பாகவும் மற்றது வெள்ளையாகவும் மின்னினால், காத்திருக்காமல் மறுநாளே டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். ஒளி விழுந்த கோணத்தால்கூட அப்படி வரலாம். ஆனால் சிறு குழந்தைகளுக்கு வரும் விழித்திரைப் புற்றுநோய் பல வீடுகளில் முதலில் தெரிவது இப்படித்தான்.

உங்களுக்கு நேரடியாக ஒன்று. வெயில் காலத்தில் கண் அரித்துச் சிவந்தால், முன்பு எழுதிக் கொடுத்த சொட்டு மருந்தையே மெடிக்கலில் திரும்பத் திரும்ப வாங்கிப் போடுகிற வழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. அதில் ஸ்டீராய்டு இருந்தால் அரிப்பு உடனே அடங்கும், மாயம்போலத் தோன்றும். ஆனால் டாக்டர் கண்காணிப்பில்லாமல் மாதக்கணக்கில் போட்டால் கண்ணழுத்தம் ஏறும், புரையும் வரும். பத்து வயதிலேயே கண் நீர் அழுத்த நோய் வருவதற்கு இது ஒரு வழி.

கண் பரிசோதனைக்குப் போனால் கண்பாவை விரிய ஒரு சொட்டு போடுவார்கள். கொஞ்சம் எரியும். துவாரம் சின்னதாக இருந்தால் உள்ளே சரியாகத் தெரியாது என்பதற்காக அது. உங்கள் வயதில் இன்னொரு காரணமும் உண்டு. சிறுவர்களின் கண் லென்ஸ் அவ்வளவு துடியானது, பவர் இருந்தாலும் தன்னை இறுக்கிக்கொண்டு அதை மறைத்துவிடும். சொட்டு அதன் தசையைச் சும்மா இருக்கவைக்கும், உண்மையான பவர் தெரிந்துவிடும். அப்புறம் சில மணி நேரத்துக்கு வெளிச்சம் கூசும், கிட்டே வைத்துப் படித்தால் எழுத்தெல்லாம் கலங்கும். தொப்பி கொண்டுபோங்கள். அன்று வீட்டுப்பாடம் எழுத முடியவில்லை என்று டீச்சரிடம் சொன்னால் அது உண்மைதான். மறுநாளும் அதையே சொன்னால் டீச்சர் நம்ப மாட்டார். சில சொட்டுகளின் வேலை நாள்கணக்கில் நீளும் என்பது வேறு விஷயம். அதற்கு டாக்டரிடம் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.